போத்தலில் குமிழி நிற்கும்வரை

இருமல் வந்தால் இன்னமும் வலது கையை விலாவில் அழுத்திக்கொண்டுதான் இருமுகிறேன். காயம் ஆறிவிட்டது, இனி அழுத்தத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கை தானாகப் போகிறது. கோயிலில் நின்றாலும் கொட்டகலைக் கடைத்தெருவில் நின்றாலும் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகில் ஆணி எப்படி ஏறியது? ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு திருத்துகிற பையன்கள் கையில் இப்போது அந்த ஆணியை அடித்த மாதிரி மெசின்கள் வரத் தொடங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். டாக்டர்மார் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரித்தான் சொல்ல முடியும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே முன்பு கல்சுவர் இருந்தது. ஒரு பெரிய மழைக்கு அதில் பாதி சரிந்து விழுந்தது. தோட்ட நிர்வாகத்திலிருந்து பலகை கொடுத்து, இப்போதைக்கு இதை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் நான், என் வீட்டுக்காரர் சேவியர், மகள் ஜெனிட்டா, சின்னவன் டிலான். அந்தப் பக்கம் சந்திரன், அவன் மனைவி புஷ்பா, அவர்களுடைய கைக்குழந்தை. நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும்.

அந்தச் சுவரில் ஆணி அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. அடிக்கிறவர்கள் முதலில் குரல் கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில் இருப்பவர்கள் சாமி படம், கண்ணாடி, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் சுத்தியல் விழும். ஏனென்றால் ஒரு பக்கம் அடித்தால் சுவர் முழுதும் ஆடும். சொல்லாமல் அடித்து ஒரு தடவை எங்கள் மாதா படத்தின் கண்ணாடி உடைந்து, இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் தவறியதில்லை.

சந்திரன் கட்டாரில் தச்சு வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். வரும்போது ஒரு மெசின் கொண்டுவந்தான். லயத்துப் பிள்ளைகள் அதற்கு ஆணித் துப்பாக்கி என்று பேர் வைத்தார்கள். வயர் இல்லை, கரண்டும் தேவையில்லை. ஒரு சின்ன பேட்டரியும், சென்ட் போத்தல் மாதிரி ஒரு கேஸ் டின்னும் உள்ளே போட வேண்டும். மூக்கைப் பலகையில் அழுத்தி விசையை இழுத்தால், ஆணி தலை வரைக்கும் உள்ளே போய்விடும். அதை வைத்துக்கொண்டு நுவரெலியாவில் ஹோட்டல்களுக்குப் பலகை அடிக்கும் வேலைக்குப் போய்வந்தான். நல்ல கைவேலைக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான்.

பலகை இடுக்கு வழியாகப் பனிக்காற்று வந்து குழந்தைக்குச் சளி பிடிக்கிறது என்று, அவன் தன் பக்கத்தில் மெல்லிய பிளைவுட் அடிக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பூசை முடிந்து வந்து சாப்பிட்டிருந்தோம். ஜெனிட்டாவின் வெள்ளைச் சட்டைக்கு விளிம்பு பிரிந்திருந்தது. அதைத் தைப்பதற்காகப் பாயில் உட்கார்ந்து, பலகையில் முதுகைச் சாய்த்திருந்தேன். அந்தப் பக்கம் எங்கேயோ மேலே டப் என்று சத்தம். பிறகு இன்னொன்று. காற்று நிரப்பிய பையைக் காலால் மிதித்து உடைக்கிற மாதிரி இருந்தது. எனக்கு எந்தச் சத்தமும் ஆகாது. என்ன சத்தம் அது என்று கேட்டேன். கேஸ் சிலிண்டர் ஏதாவது வெடிக்கப் போகிறதா, போய்ப் பாருங்கள் என்றேன். சேவியர் கதிரையிலிருந்து எழும்பவேயில்லை.

"ஒனக்கு எல அசஞ்சாலும் பயந்தான். சந்திரன் ஏதோ வேல செய்றான், ஒக்காரு."

அவர் வாயை மூடுவதற்குள் முதுகில் யாரோ முட்டியால் குத்தினார்கள். அப்படித்தான் இருந்தது. வலி இல்லை. திரும்பிப் பார்த்தேன், பின்னால் பலகைதான் இருந்தது. டிலான்தான் குத்திவிட்டு ஓடினான் என்று அவனைத் திட்டக்கூட வாயைத் திறந்தேன். திறந்த வாயால் மூச்சு உள்ளே போகவில்லை. கொஞ்சம் போய், பாதியில் நின்றது. அப்போதுதான் ஜெனிட்டா, "அம்மா, ஒங்க சட்டையில ஆணி இருக்கு" என்றாள்.

சட்டையில் இல்லை, எனக்குள் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு மட்டும் வெளியே நின்றதாம். மற்றதெல்லாம் உள்ளே.

பிறகு நடந்ததில் பாதி எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். சந்திரன் ஓடிவந்து பார்த்துவிட்டு முகம் செத்துப்போய் நின்றானாம். பிறகு ஆணியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியிருக்கிறான். காலில் முள் குத்தினால்கூட மற்றவர்கள் தொட விடமாட்டேன் நான். அந்தப் பயத்தில்தான் சொன்னேன்: "தொடாதீங்க. யாரும் தொடாதீங்க. டாக்டர்தான் தொடணும்."

பயந்தாங்கொள்ளி என்று என் பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டதே, யாராவது அதை இழுத்துப் பார்த்தீர்களா என்றுதான். இல்லை என்றதும் நல்ல வேலை செய்தீர்கள் என்றார். குத்தி நிற்கிற பொருள் அந்த ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டு நிற்குமாம். வீட்டில் இழுத்திருந்தால் இரத்தமும் காற்றும் அடக்க ஆளில்லாமல் போயிருக்கும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆணியோ கம்பியோ ஏறிவிட்டால் அசையாமல் வைத்துச் சுற்றித் துணி கட்டிக் கொண்டுபோங்கள். இழுக்காதீர்கள்.

எங்கள் லயத்துக்கு வாகனம் ஏறாது. கதிரையில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறக்கினார்கள். முன்னால் குனிந்தபடியே இருந்தேன். ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஏதோ உரசியது. இத்தனை வருசம் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய படிகள். இதில் இனி ஏறுவேனா என்ற எண்ணம்தான் அப்போது வந்தது. சாவைப் பற்றிக்கூட அவ்வளவு நினைக்கவில்லை. மூச்சு இல்லாதவளுக்கு இந்த மலையில் என்ன வேலை? தண்ணீர்ப் பைப்புக்குப் போவதென்றாலே ஏற்றம்தானே.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூட வந்த சேவியர் வழி முழுதும் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் என்னைவிட மோசமா, நான் இவரைவிட மோசமா என்று கணக்குப் போட்டேன். கூப்பிடத் தாமதமானால் பயம். உடனே கூப்பிட்டபோது, இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களே என்று அதைவிடப் பயம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். என் விலா எலும்புகளுக்கு நடுவே நேராக, வெள்ளையாக அந்த ஆணி. என் உடம்புக்குள் இருக்கிற மற்றதெல்லாம் புகை மாதிரி இருக்க, அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அவர் விளக்கியது இதுதான். நுரையீரல் நெஞ்சுக்கூட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் விரியும், சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று நுழைந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். நுரையீரல் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடும். ஆணி நுனி என் வலது நுரையீரலைக் குத்தியதால் அதிலிருந்து காற்று கசிந்து, அங்கே சேர்ந்துகொண்டிருந்தது. ஆணியை எடுக்க வேண்டும், சேர்ந்த காற்றை வெளியே விட வேண்டும், ஓட்டை தானாக மூட வேண்டும். முதல் இரண்டும் என் வேலை, மூன்றாவது உங்கள் உடம்பின் வேலை என்றார்.

மயக்க ஊசி போட்டு ஆணியை எடுத்தார்கள். கண் விழித்தபோது வலது பக்கம் அக்குளுக்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு குழாய் தைத்திருந்தது. குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே, தண்ணீர் ஊற்றிய ஒரு போத்தலுக்குள் இறங்கியிருந்தது. நான் மூச்சு விட்டால் போத்தலில் குமிழி வந்தது. இருமினால் கொத்தாக வந்தது. நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்ட காற்று அந்த வழியாக வெளியேறுகிறது. தண்ணீர் இருப்பதால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போகாது. போத்தல் எப்போதும் என் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், யாரும் தூக்கக் கூடாது, தட்டக் கூடாது.

குமிழி வரும்வரை ஓட்டை மூடவில்லை என்று அர்த்தம். நின்றுவிட்டால் மூடிவிட்டது. நிற்கவே இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டிவரும்.

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நேரத்திலிருந்து எனக்குக் கண்ணும் காதும் அந்தப் போத்தல்தான். தலையைத் தொங்கப் போட்டுப் பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. துடைப்பம் கொண்டுவருகிற அம்மாவைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், எங்கே போத்தலில் இடித்துவிடுவாரோ என்று. பார்வையாளர் நேரத்தில் யாராவது கட்டில் பக்கம் காலை நீட்டினாலும் பொறுக்காது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் உடப்புசல்லாவையைச் சேர்ந்த ராமாயி. பித்தப்பைக் கல்லுக்கு ஒபரேசன் செய்தவர், வாயாடி. என் கதையை முழுதும் கேட்டுவிட்டு, என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"ஒங்க சாமிக்குக் கையில காலுலதான் அடிச்சாங்க. ஒனக்கு முதுகுலயா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததும் குழாய் தைத்த இடம் கத்தியால் கீறிய மாதிரி இழுத்தது. கீழே குமிழி குபுகுபுவென்று வந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. ராமாயி பயந்துபோய், இனி உன்னோடு சாவு வீட்டுக் கதைதான் பேசுவேன் என்றார்.

சேவியர் விடியற்காலை பஸ் பிடித்து வருவார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை, பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, வெளியில் எடுக்கச் சொன்ன ஒரு ஸ்கேனுக்கு என்று காசு போய்க்கொண்டிருந்தது. எதைக் கேட்டாலும், "அது நான் பாத்துக்கிறேன், நீ போத்தலப் பாத்துக்க" என்பார். பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து, மூடியில் ஊற்றி, ஆற்றித் தருவார். இருபது வருசமாக அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தவள் நான். அவர் ஆற்றும்போது பாதி கட்டிலில் சிந்தும். ஒன்றும் சொல்லாமல் குடிப்பேன். அவர் இல்லாத நேரம் வீட்டைப் பெரியவள் பார்த்துக்கொண்டாள். சோறு பொங்கினாயா, அடுப்பை அணைத்தாயா, தம்பிக்குச் சுவெட்டர் போட்டாயா என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் அவளே போனில், "அம்மா, நீங்க மூச்ச வீணாக்காதீங்க" என்றாள்.

பொலிஸிலிருந்து வந்து கேட்டார்கள். ஆணிக் காயம் என்றால் கேட்பார்களாம். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

புஷ்பா ஒருநாள் வந்தாள். குழந்தையை வார்டுக்குள் விடவில்லை, அதனால் தன் தங்கையை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டே பேசினாள். சந்திரன் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை, அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். அந்த மெசின் எங்கே என்று கேட்டேன். அப்படியே கிடக்கிறது என்றாள். கேஸ் டின்? அது எப்போதும் போல அடுப்புக்கு மேலே பலகையில் இருக்கிறது என்றாள். காலைக் குளிரில் அந்த மெசின் வெடிக்காது, டின் கொஞ்சம் சூடாக இருந்தால்தான் ஆணி போகும், அதனால் அவன் எப்போதும் அடுப்புச் சூட்டில் வைத்துத்தான் எடுத்துப் போவான் என்றாள். ஏதோ அப்பளம் காயவைக்கிற மாதிரிச் சொன்னாள்.

கொத்தமல்லித் தண்ணியைக் கீழே வைத்தேன். அந்த அடுப்புக்கும் என் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கும் நடுவே அந்தப் பலகைதான் இருக்கிறது. சென்ட் போத்தலின் மேலேயே நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதே என்று படம் போட்டிருக்கும். புஷ்பாவை இப்போதே போன் எடு என்றேன். சந்திரனிடம் நானே பேசினேன். அவன் அக்கா என்று அழத் தொடங்கினான். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் அந்த டின்னை அடுப்பிலிருந்து எடு என்றேன். மறுமுனையில் அவன் எழும்பிப் போகும் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டேன், வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டேன் என்றான். வெயில் படாத இடமா என்று கேட்டேன். எங்கள் பக்கம் வெயில் எங்கே அக்கா என்றான். அந்த நிலைமையிலும் அவன் சொன்னது சரிதான்.

அடுத்தநாள் அவனே வந்தான். பார்வையாளர் நேரம் முடிகிற வேளையில், கட்டிலுக்குத் தள்ளி நின்றான். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். எனக்குத் திட்ட மூச்சு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் வேண்டியிருந்தது. தெரியாத ஒன்றைப் பற்றிப் பயப்படுவது, தெரிந்த ஒன்றைப் பற்றிப் பயப்படுவதைவிட எனக்கு மோசம். அந்த மெசின் எப்படி வேலை செய்கிறது, ஒன்று விடாமல் சொல் என்றேன்.

சொன்னான். மூக்கை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன காத்தாடி சுற்றும், கேஸ் கொஞ்சம் இறங்கும். விசையை இழுத்தால் பேட்டரி ஒரு பொறி விடும். கேஸ் வெடித்து ஆணியைத் தள்ளும். மூக்கு அழுந்தாமல் வெடிக்காது, அதுதான் அதற்கு இருக்கிற ஒரே பூட்டு. அதைக் கம்பியால் கட்டிப்போட்டு வேலை செய்கிற முட்டாள்களும் இருக்கிறார்களாம். மூக்கு எதில் அழுந்தினாலும் சரி, தொடையில் அழுந்தினாலும் வெடிக்கும். அதனால் வேலை இல்லாதபோது விரல் விசையில் இருக்கக் கூடாது. சிக்கின ஆணியை எடுக்கும் முன்பு பேட்டரியையும் டின்னையும் கழற்ற வேண்டும். வேலை முடிந்தால் இரண்டையும் கழற்றித் தனித்தனியாக வைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பலகையைப் பிடிக்கிற கை ஆணி போகிற இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் கணுவில் பட்டால் ஆணி வளைந்து வேறு பக்கம் வரும். ஆணியின் நீளம் பலகையின் தடிப்பைப் பார்த்துப் போட வேண்டும். சுவரில் அடித்தால் உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து அந்தச் சட்டத்தில்தான் அடிக்க வேண்டும். எனக்குள் ஏறிய ஆணி சட்டத்துக்கு இரண்டு விரல் தள்ளிப் போய்விட்டது. பிளைவுட் மெல்லிசு, எங்கள் பலகை மழையில் உளுத்தது. இரண்டையும் துளைத்துக்கொண்டு வந்தபிறகும் அதற்கு வேகம் மிச்சம் இருந்தது.

எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"கட்டார்ல சொவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தா என்னடா செய்வீங்க?"

"அங்க ஒரு ஆள் போய் அந்தப் பக்கம் நின்னு, யாரும் இல்லன்னு கை காட்டுனாத்தான் அடிப்போம்க்கா. இல்லன்னா வேலையவிட்டே தூக்கிருவாங்க."

"அப்ப எங்கள ஏன் கூப்புடல? சுத்தியல் எடுத்தா கூப்புடுவ இல்ல?"

தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சுத்தியல்னா சொவரு ஆடும், ஒங்க மாதா படம் விழும். இதுல ஆடாதே. அதான் கூப்புடத் தேவயில்லன்னு நெனச்சேன்க்கா. படத்தத்தான் நெனச்சேன். ஆள நெனக்கல."

நானே இத்தனை வருசமாகப் படத்துக்காகத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருந்தேன். சுத்தியல் சத்தம் கேட்டால் தானாகவே சுவரைவிட்டு நகர்ந்து உட்காருவோம். முதல் அடியிலேயே எங்கே அடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தம் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இரண்டு வீட்டிலும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சந்திரனிடம் போய்ச் சாப்பிடு என்றேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு அவசரம் இல்லை. போத்தலில் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் குமிழி குறையவில்லை. ஒரு நாள் காலையில் நின்ற மாதிரி இருந்தது. சந்தோசத்தில் ராமாயியை எழுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்தது. டாக்டரம்மா முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் அடிப்பக்கம் இன்னும் விரியவில்லை என்றார். இன்னும் சில நாள் பார்ப்போம், இல்லையென்றால் கொழும்புதான். நெஞ்சைத் திறந்தால் திரும்ப வருவேனா? வந்தாலும் கூடை தூக்குவேனா? ஜெனிட்டா ஓ.எல். பரீட்சை எழுதுகிற வருசம். அவளும் என்னைப் போலப் பாதியில் நின்றுவிடுவாளா? ஒன்றிலிருந்து ஒன்றாக, மனசு லயத்துக் கூரைக்கு மேலே ஏறி ஓடியது.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ் வருவார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும். ஒரு சின்னக் கருவி, அதற்குள் மூன்று உருண்டை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உருண்டைகள் மேலே எழும்ப வேண்டும். நான் ஒன்றைத்தான் எழுப்புவேன். அதற்கு மேல் இழுத்தால் வலிக்கும், ஓட்டை பெரிதாகிவிடும் என்று பயம். இருமச் சொன்னால் இருமவே மாட்டேன். தொண்டையைச் செருமிவிட்டு இருமிவிட்டேன் என்பேன். அன்றைக்கு அந்த மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மே, நீங்க இருமல் இல்ல. நடிக்கிறது. கஹின்ன. பய வென்ன எப்பா."

பயப்படாதே, இருமு என்கிறார். ஓட்டை பெரிதாகிவிடாதா என்று அழுதுகொண்டே கேட்டேன். இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். நான் இருமாமல் அடக்கி வைத்திருப்பதால்தான் சளி உள்ளே தங்குகிறது, அடிப்பக்கம் விரியாமல் கிடக்கிறது. விரிந்து போய்ச் சுவரில் ஒட்டினால்தான் ஓட்டை மூடும். வீட்டில் ஆணியைத் தொட விடாத பயம் என்னைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் அதே பயம் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தலையணையை மடித்து விலாவில் வைத்து, அதன்மேல் என் இரண்டு கையையும் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். "தென்," என்றார். இப்போது. இருமினேன். உயிர் போகிற வலி. போத்தல் பொங்கியது. இன்னொரு தடவை என்றார். ராமாயி தன் வலியை மறந்து எழும்பி உட்கார்ந்து, கொடு, நல்லாக் கொடு என்று மாட்டை ஓட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டார். அன்றைக்கு முழுதும் தலையணையைக் கட்டிப்பிடித்து இருமினேன். மறுநாளும் இருமினேன். ஒவ்வொரு தடவையும் செத்துப்போவேன் என்று நினைத்துத்தான் இருமினேன். மாதாவே என்று தொடங்கி அந்த மிஸ்ஸைத் திட்டி முடிப்பேன்.

எந்த நேரத்தில் குமிழி நின்றது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நாள் கண் எடுக்காமல் பார்த்தவள், அது நின்றபோது பார்க்கவில்லை. உருண்டையை எழுப்புவதிலேயே கவனமாக இருந்துவிட்டேன். சேவியர்தான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "என்னடி, போத்தல் சும்மா இருக்கு?" என்றார். இருமச் சொன்னார். இருமினேன். தண்ணீர் மட்டம் மேலே ஏறி இறங்கியது, குமிழி வரவில்லை. நம்பாமல் டாக்டரம்மா வரும்வரை மூச்சை மெதுவாக விட்டேன். அவர் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, ஒரு நாள் விட்டுப் பார்த்தார். நுரையீரல் சுவர் வரைக்கும் வந்துவிட்டது, கொழும்பு வேண்டாம் என்றார். குழாயை எடுக்கும்போது மூச்சை இழுத்து அடக்கிக்கொள் என்றார்கள். இழுத்தேன். ஒரு பாம்பு உள்ளிருந்து உருவிப் போகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு விடும்போது சொன்னார்கள்: சில கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, ஏற்றத்தில் அவசரப்படக் கூடாது, திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும். திரும்ப மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் கழித்துப் போகலாம் என்றார் டாக்டரம்மா. எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "போகலாம்மா" என்று அழுத்திச் சொன்னார்.

ரோட்டில் வான் வண்டியை நிறுத்தியதும் சந்திரன் வந்து என் பையை வாங்கிக்கொண்டான். கதிரையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறித்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சேவியரும் ஜெனிட்டாவும் இரண்டு பக்கமும் வர, நான் தடுமாறினால் பிடிக்கலாம் என்று சந்திரன் பின்னால் வந்தான். கொஞ்சம் ஏறினேன். அவன் செருப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் படிப்படியாக வந்தது. ஆணி ஏறின இடம் கூசியது. நின்றுவிட்டேன்.

"மூச்சு வாங்குதாக்கா? ஒக்காருறீங்களா?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. நீ முன்னால போ, சந்திரன். எனக்குப் பின்னால வராத."

என் முகத்தைப் பார்த்தான். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, படியோரமாக ஒதுங்கி என்னைத் தாண்டி முன்னால் போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிச்ச ஏற்றத்தையும் ஏறினேன். மூச்சு உள்ளே போனது, அடிவரைக்கும் போனது, திரும்பி வந்தது.